இரண்டு விரல் இடம்

பல்செட்டுக்காரர் மீன்தொட்டிக் கடைக்குள் நுழையும்போதே எந்த சம்ப் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டிருந்தார். யோசனை கேட்கப் போகவில்லை. தான் நினைத்ததையே இன்னொருவர் வாயால் கேட்டுக்கொண்டு வரலாம் என்றுதான் போனார்.

தெருவில் அவருக்குப் பல்செட்டுக்காரர் என்றுதான் பெயர். பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பது தொழில். வயது நாற்பத்தெட்டு. பிள்ளைகள் இல்லை. மாடி வீட்டுக் கூடத்தில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்திருந்தார். உப்புக் கலந்து கடல்நீர் தயாரித்து, அதில் உயிருள்ள பவளங்களையும் ஏழெட்டு மீன்களையும் ஆறு வருடமாக வளர்த்துவந்தார். இப்போது பவளங்கள் நிறம் மங்கத் தொடங்கியிருந்தன. தொட்டியின் விளிம்பில் தொங்கும் சின்ன வடிகட்டி இனிப் போதாது, அடியில் சம்ப் வைத்தே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது.

"நம்ம வீட்டுக்கே சம்ப் கிடையாது. தண்ணி வராத நாள்ல குடம் தூக்கறேன். மீனுக்கு சம்ப்பா?" என்றாள் மனைவி.

"இது அந்த சம்ப் இல்ல. தொட்டிக்கு அடியில, பெட்டிக்குள்ள வைக்கற இன்னொரு தொட்டி. மேல வழியற தண்ணி குழாய்ல இறங்கி இதுக்குள்ள வரும். அழுக்கு நிக்கும். சுத்தமான தண்ணிய பம்ப் மறுபடி மேல ஏத்தும்."

"பெட்டியில பாதி என்னோடது. அதைத் தொடக்கூடாது, சொல்லிட்டேன்."

அவள் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். எந்தக் கறைக்கு எந்த மருந்து என்று அவளைக் கேட்டுத்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள். தொட்டியைத் தாங்கும் மரப்பெட்டியின் வலது பாதியில் அவளுடைய இஸ்திரிப் பெட்டி, சோப்புத்தூள், கறை எடுக்கும் பாட்டில்கள், தையல் டப்பா எல்லாம் இருந்தன. ஆகவே இடது பாதிக்குள் நுழைகிற சம்ப்தான் வேண்டும். அளவெடுத்துக்கொண்டே போயிருந்தார்.

கடைக்காரர் அந்தச் சின்ன சம்ப்பைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பெரிசா எடுங்க சார். பெரிய சம்ப் வாங்கிட்டோமேன்னு இதுவரைக்கும் யாரும் இங்க வந்து அழுததில்ல."

"இடம் இல்லைங்க."

"இடத்தை உண்டாக்குங்க. கரண்ட் போனா பம்ப் நிக்கும். ஆனா மேல இருந்து தண்ணி இறங்கறது உடனே நிக்காது. ஒரு அளவுக்கு இறங்கிட்டுத்தான் நிக்கும். அத்தனையும் சம்ப்ல வந்து சேரணும். சின்னதுல காலி இடமே கம்மி. இன்னொண்ணு, சின்னதுல தண்ணி ஆவியாகி மட்டம் மளமளன்னு இறங்கும். தினமும் ஊத்தணும். ஒரு நாள் கொஞ்சம் கூட ஊத்திட்டீங்கன்னு வைங்க…" அவர் மீதியைச் சொல்லாமல் தரையைக் காட்டினார்.

"நான் பல்லுல அரை மில்லிமீட்டர் பார்க்கறவன்."

"நீங்க பார்ப்பீங்க சார். தண்ணி பார்க்காதே."

இருவரும் சிரித்தார்கள். அவர் சின்னதையே வாங்கி வந்தார்.

பொருத்திய அன்று, கடைக்காரர் சொன்னதை மனதில் வைத்து, பம்ப்பின் சுவிட்சை அணைத்துப் பார்த்தார். மேலிருந்து தண்ணீர் இறங்கியது. சம்ப்பில் மட்டம் ஏறியது, ஏறியது, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வந்து நின்றது. குனிந்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ரெண்டு விரல் இருக்கு. போதும்."

"எனக்கென்ன தெரியும். நீங்க போதும்னா போதும்" என்றாள் அவள்.

கீழ்வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. எப்பேர்ப்பட்ட டாக்டர் கையெழுத்தையும் வாசித்துவிடுவாள். கணவன் எப்போதோ பிரிந்து போய்விட்டான். ஒரே மகள். வீட்டில் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டார்கள். இருபது வயதிலும் அது மாறவில்லை. கல்லூரி விட்டு வந்ததும் பை தோளில் இருக்கும்போதே மாடி ஏறி, தொட்டியின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஆரஞ்சு நிற மீனுக்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்ததும் அவள்தான். "பாருங்க மாமா, இது ஒரு வேலையும் செய்யறதில்ல. ஆனா எல்லாரையும் விரட்டிக்கிட்டே இருக்கு" என்பாள்.

சம்ப் வாங்குவதற்குச் சில மாதம் முன்பு பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். இரண்டாம் நாள் பிதற்றல். நான்காம் நாள் அவள் இல்லை. ஊரில் யாருக்கு எந்த மாத்திரை என்று சொல்லக்கூடிய அக்காவுக்குத் தன் மகளுக்கு வந்தது என்னவென்று கடைசிவரை யாரும் சரியாகச் சொல்லவில்லை.

அதன்பிறகு பாப்பாவின் அறைக் கதவு சாத்தியே இருந்தது. பல்செட்டுக்காரரும் மனைவியும் கீழே போனால் கூடத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார்கள். அந்தக் கதவைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. மாடித் தொட்டிக்கு நேர் கீழே இருந்தது அந்த அறைதான். அது அவருக்குத் தெரியும். ஆனால் சம்ப் வாங்கப் போன அன்று அது நினைவுக்கு வரவில்லை.

பாப்பா போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆனபின், அக்காவைக் கொஞ்ச நாள் வெளியே அனுப்பவேண்டும் என்று இவர்கள்தான் வற்புறுத்தினார்கள். "உங்க அண்ணன் எத்தனை தடவை கூப்பிட்டுட்டார். பத்து நாள் இருந்துட்டு வாங்கக்கா. வீட்டை நாங்க பார்த்துக்க மாட்டோமா?" என்றாள் மனைவி. அக்கா அரைமனதாக ஒப்புக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தப் பத்து நாளுக்கு நடுவில் ஒரு சனிக்கிழமை. மனைவியின் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்த்துவிட்டு மறுநாள் திரும்புவதாக ஏற்பாடு. கிளம்பும் முன் பல்செட்டுக்காரர் சம்ப்பைத் திறந்து பார்த்தார். கடைக்காரர் சொன்னதுபோல அதில் தண்ணீர் வேகமாக வற்றிக்கொண்டிருந்தது. தினமும் ஊற்றினால்தான் சரியாக இருந்தது. இரண்டு நாள் ஊற்றாமல் விட்டால் பம்ப் காற்றை இழுத்து எரிந்துபோகும். பவளம் அத்தனையும் போய்விடும். ஆகவே இரண்டு நாளைக்கும் சேர்த்து ஊற்றினார். மட்டம் வழக்கத்தைவிட மூன்று விரல் மேலே ஏறியது.

"ஏங்க, ரயிலுக்கு நேரமாச்சு!"

"இதோ வந்துட்டேன்" என்று பெட்டிக் கதவைச் சாத்தினார்.

அவர்கள் போய் ஒரு மணி நேரத்துக்குள் தெரு முழுக்க மின்சாரம் போயிற்று என்று எதிர்வீட்டுக்காரர் பிறகு சொன்னார். மூன்று மணி நேரம் கழித்து வந்ததாம். மூன்று மணி நேரமெல்லாம் தேவையில்லை. பம்ப் நின்ற இரண்டாவது நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

ஞாயிறு மதியம் திரும்பி வந்தபோது தொட்டியில் ஒரு குறையும் இல்லை. மேனேஜர் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தது. பெட்டிக்கு அடியில் மட்டும் தரை ஈரமாகி, ஓரங்களில் உப்புப் பூத்திருந்தது. ஒரு வாளித் தண்ணீர் இருக்குமா? இருக்காது. தரையோடு நின்றிருந்தால் ஒரு பழைய துணியால் துடைத்திருக்கலாம். ஆனால் பெட்டியின் பின்னால், தளத்தில் பழைய குழாய் போன துளை ஒன்று சரியாக அடைக்கப்படாமல் இருந்தது.

இருவரும் சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினார்கள். சாத்திய கதவைத் திறக்க மனைவி ஒரு கணம் தயங்கினாள். அவர்தான் திறந்தார்.

கூரையிலிருந்து சுண்ணாம்பு ஊறி விழுந்திருந்தது. கட்டிலில் பாதி நனைந்து காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். கலைந்த போர்வை, தலை வைத்த குழி இன்னும் தெரிகிற தலையணை, நாற்காலி முதுகில் பச்சை ஸ்வெட்டர், கொடியில் நாலைந்து உடுப்புகள், எல்லாவற்றின் மீதும் உப்பும் சுண்ணாம்பும். அலமாரிக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே இருந்த துணிகள் நனையவில்லை.

"அக்காவுக்கு போன் பண்ணிச் சொல்லிடலாம்" என்றார் அவர்.

"சொல்லி? அங்க இருந்துக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க? பதறிப்போயி அடுத்த வண்டி பிடிச்சு வருவாங்க. வந்து இந்தக் கோலத்தைப் பார்க்கணுமா?" அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "புதன்கிழமை வர்றாங்க. அதுக்குள்ள பண்ணிடலாம். உப்புக்கறை எனக்குப் புதுசா?"

அவளுக்கு அது வேலை மட்டும் இல்லை. அந்தப் பெண்ணைத் தன் மடியில் போட்டுச் சீராட்டிய நாள்கள் உண்டு. ஒரு வருடமாக அக்காவுக்கு எதுவும் செய்ய முடியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தவளுக்கு, செய்வதற்கு என்று ஒன்று கடைசியில் கிடைத்தது. இரண்டு நாள் விடுப்பு எடுத்தாள். துணிகளை மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி உப்பை இறக்கினாள். பிறகு ஊறவைத்து, துவைத்து, நிழலில் காயவைத்தாள். ஸ்வெட்டரின் கழுத்தில் பழைய காபிக்கறை ஒன்று இருந்தது, அதையும் எடுத்தாள். அறுந்திருந்த பொத்தானுக்கு அதே நிறத்தில் பொத்தான் தேடித் தைத்தாள். தலையணையைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் போட்டு, புது உறை மாட்டினாள். பல்செட்டுக்காரர் துளையை அடைத்து, கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தார்.

அலமாரித் துணிகளை அவள் அள்ளியபோது அவர் கேட்டார். "இதெல்லாம் நனையலையே?"

"ஈரக் காத்து ஏறியிருக்கும். பூஞ்சை பிடிக்கும். அதையெல்லாம் பளிச்சுன்னு வெச்சுட்டு இதை மட்டும் அப்படியே விட்டா நல்லாவா இருக்கும்?"

அவருக்கும் சரி என்றே பட்டது.

புதன்கிழமை காலை அக்கா வந்தாள். அண்ணன் வீட்டில் கொஞ்சம் தேறியிருந்தாள். முகத்தில் தெளிவு இருந்தது. பெட்டியை இறக்கி வைக்கக்கூட விடாமல் பல்செட்டுக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். சம்ப் சின்னது என்றும், அளவுக்கு மேல் ஊற்றியது தன் தப்பு என்றும், கடைக்காரர் அப்போதே எச்சரித்தார் என்றும் ஒளிக்காமல் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள்.

"சரி தம்பி, விடுங்க. தண்ணிதானே. நெருப்பா?" என்றாள். அவர் கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

"நீங்க வாங்கக்கா, வந்து பாருங்க" என்று மனைவி கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

கதவைத் திறந்ததும் சோப்பும் சுண்ணாம்பும் மணந்தன. படுக்கை சுருக்கம் இல்லாமல் விரித்திருந்தது. துணிகள் மடித்து மடித்து அடுக்கியிருந்தன, ஹோட்டலில் அடுக்குவதுபோல, விளிம்போடு விளிம்பு சேர்த்து. அக்கா வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பச்சை ஸ்வெட்டரை எடுத்தாள். விரிக்காமல் அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டாள். வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். அதை வைத்துவிட்டுத் தலையணையை எடுத்தாள். பிறகு அலமாரியைத் திறந்து கடைசி அடுக்கில், அடியில் இருந்த சட்டையை உருவினாள்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்க்கா. ஒண்ணு விடல" என்றாள் மனைவி. அந்தக் குரலில் பெருமை இருந்தது. பிறகு பல நாள் அவளைத் தூங்கவிடாமல் செய்தது அந்தப் பெருமைதான்.

அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மடியில் இருந்த சட்டையைத் தடவிக்கொண்டே, "நல்லா துவைச்சிருக்கம்மா" என்றாள். சற்றுப் பொறுத்து, யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"கடையிலிருந்து வந்ததும் கதவைத் திறப்பேன். அந்த ஸ்வெட்டர்ல முகத்தை வெச்சு ஒரே ஒரு மூச்சு. அவ வாசனை இருக்கும். தலைக்குப் போடற எண்ணெயும் வேர்வையும் கலந்து. உடனே கதவைச் சாத்திடுவேன். ரெண்டாவது மூச்சு இழுக்க மாட்டேன். தீர்ந்துடுமோன்னு பயம். அண்ணன் வீட்டுல இருந்த பத்து நாளும் மிச்சம் பிடிச்சேன்னு நினைச்சுக்கிட்டேன்."

மனைவி கட்டிலருகே வந்தாள். "அக்கா… எனக்குத் தெரியாதுக்கா…"

"உனக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே." அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. "நீங்க மேல போங்க. நான் கொஞ்சம் படுத்துக்கறேன்."

மாடிக்கு வந்ததும் மனைவி வீட்டைப் புரட்டத் தொடங்கினாள். பாப்பா இந்த வீட்டிலேயே பாதி நாள் இருந்தவள். ஏதாவது ஒன்று தங்கியிருக்காதா? சீப்பைப் பார்த்தாள். பழைய மெத்தை விரிப்புகளை முகர்ந்தாள். மழையில் நனைந்து வந்த ஒரு நாள் பாப்பா தன் துப்பட்டாவை இங்கேயே விட்டுப் போனது நினைவு வந்து, பரணில் ஏறித் தேடி எடுத்தாள். எடுத்துப் பிரித்ததும் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன?" என்றார் அவர்.

"இதையும் துவைச்சிருக்கேங்க. அன்னைக்கே துவைச்சு, இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன்."

அன்று அவள் அழுததுபோல அவர் பார்த்ததே இல்லை. சம்ப் பெரிதாக இருந்திருந்தால் தண்ணீர் வந்திருக்காது. தண்ணீர் வந்த பிறகும், அவர் அக்காவுக்குப் போன் செய்திருந்தால் அலமாரித் துணியாவது மிஞ்சியிருக்கும். எது யார் தப்பு என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்குமோ என்னவோ. அவள் வேலைக்குப் போனாள், வந்தாள். வீட்டில் அவருடைய அழுக்குச் சட்டையைக் கையில் எடுத்தால்கூட, "இதைத் துவைக்கலாமா?" என்று கேட்டாள். "நேத்து போட்டதுதானே, இதையெல்லாம் கேக்கணுமா?" என்றால், "கேட்டுக்கறேன்" என்றாள்.

ஒரு வாரம் கழித்துப் பல்செட்டுக்காரர் கீழே போனார்.

"அக்கா, தொட்டியை எடுத்துடறேன். கடைக்காரர் மீனு, பவளம் எல்லாத்தையும் வாங்கிக்கறேன்னுட்டார்."

அக்கா மருந்துப் பட்டியல் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"எதுக்கு?"

"உங்க தலைக்கு மேல அது இருக்கறது எனக்குப் பொறுக்கல."

"என்னைக் கேட்டீங்களா, அது எனக்குப் பொறுக்குதா இல்லையான்னு?" அவள் குரல் முதல்முறையாகக் கடினமானது. "தம்பி, ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்குங்க. எனக்காகன்னு சொல்லி, என்னைக் கேக்காம, இனிமே எதையும் செய்யாதீங்க. நல்லதா இருந்தாலும் சரி."

அவர் தலைகுனிந்து நின்றார். "சரிக்கா."

"தொட்டி இருக்கட்டும். தண்ணி மட்டும் கீழ வராம பாருங்க."

மறுநாளே கடைக்குப் போனார். கடைக்காரர் பழைய பேச்சை எடுக்கவில்லை. அவருக்கு விஷயம் தெரியாது, ஆனால் எதிரே நின்றவரின் முகம் தெரிந்தது. மூன்றடி சம்ப்பை உள்ளிருந்து இருவராகத் தூக்கி வந்து வைத்தார்கள். "தானா தண்ணி ஊத்திக்கற மிதவை ஒண்ணும் வெச்சுக்குங்க. ஊருக்குப் போனாலும் நீங்க கூட ஊத்த வேண்டியதில்ல" என்றார் கடைக்காரர். அவர் சரி என்றார். எதற்கும் சரி என்றார்.

பெட்டியின் வலது பாதியை மனைவியே காலி செய்திருந்தாள். நடுப்பலகையை அறுத்து எடுத்தார்கள். பெரிய சம்ப் உள்ளே போய் உட்கார்ந்தது. குழாய்களை மாட்டி, தண்ணீரை நிரப்பி, ஒரு மணி நேரம் ஓடவிட்டார். பிறகு சுவிட்சில் கை வைத்தபோது கதவருகே நிழல் ஆடியது. அக்கா நின்றிருந்தாள். பாப்பா போனபிறகு அவள் மாடி ஏறியது அன்றுதான்.

"என்ன பண்றீங்க?"

"கரண்ட் போனா என்ன ஆகும்னு பார்க்கறேன்க்கா."

"பாருங்க. நானும் பார்க்கறேன்."

அவர் சுவிட்சை அணைத்தார். பம்ப்பின் முணுமுணுப்பு நின்றது. குழாய் வழியாகத் தண்ணீர் சலசலத்து இறங்கியது. மூவரும் பெட்டியின் முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மட்டம் ஏறியது. மெதுவாக ஏறி, சம்ப்பின் பாதியைத் தாண்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு சாண் காலியாக இருந்தது.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சுக்கா."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்க்கா."

அக்கா அந்தக் காலி இடத்தையே பார்த்தாள். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த மனைவியின் தோளில் கை ஊன்றி எழுந்தாள். எழுந்தபின்னும் கையை உடனே எடுக்கவில்லை. மனைவி மூச்சுவிடாமல் அப்படியே இருந்தாள்.

"கடைக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அக்கா படியிறங்கினாள்.

அவள் காலடிச் சத்தம் ஓய்ந்தபிறகுதான் பல்செட்டுக்காரர் பம்ப்பைப் போட்டார்.